புதைமேட்டுக் கோட்டைகள் (ஜப்பான்): எது கல்லறை மண், எது கோட்டை மண்?

செம்மண்சுவடு

ஜப்பானில் 3ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை கட்டிய பெரும் புதைமேடுகளை (அவர்கள் சொல்வது கோஃபுன்) ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து, 15, 16ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில், கோட்டையாக மாற்றிக்கொண்டார்கள். ஒசாகா, நாரா, ஒகயாமா, அய்ச்சி எல்லாப் பக்கமும் உதாரணம் இருக்கிறது. என் சந்தேகம் இதுதான். புதைமேட்டுக்கும் படிப்படியான தளங்கள் உண்டு, சுற்றி அகழி உண்டு. மண்கோட்டைக்கும் அதே தளம், அதே அகழி. நில வரைபடத்தில் ஒரு சமதளம் தெரிந்தால் அது கல்லறை கட்டினவன் போட்டதா, கோட்டை கட்டினவன் வெட்டினதா என்று எதை வைத்துச் சொல்வது? ஊர்ப்பெயரில் "ஷிரோ" (கோட்டை) இருந்தாலே போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு அது திருப்தியாக இல்லை.

அகழிக்கரை

பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். சரிவின் கோணத்திலிருந்து தொடங்குங்கள்.

புதைமேட்டின் சரிவு பொதுவாக 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். அதன் மேல் ஆற்றுக் கூழாங்கல்லைப் பாவியிருப்பார்கள் (ஃபுகிஇஷி). மழையில் மண் கரையாமல் அந்தக் கல்தான் பிடித்து வைத்தது. கோட்டைக்காரனுக்கு இந்தச் சாய்வு போதாது, ஆள் ஓடியே ஏறிவிடுவான். அதனால் சரிவின் அடிப்பகுதியைச் செதுக்கி 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக்குவார்கள். இதற்குப் பெயர் கிரிகிஷி. செதுக்கிய மண்ணைக் கீழே தள்ளினால் அடியில் ஒரு திண்ணை விழும். ஆகவே குறுக்குவெட்டுப் படத்தில் மேலே மெதுவான சரிவு, நடுவில் திடீரென்று செங்குத்து, அடியில் அகலமான திண்ணை என்று வந்தால் அங்கே பிற்காலக் கை பட்டிருக்கிறது.

இரண்டாவதாக, சாவித்துளை வடிவ மேட்டில் வட்டப் பகுதியும் முன்பகுதியும் சேரும் இடுப்பைப் பாருங்கள். அந்த இடுப்பில் குறுக்கே ஒரு பள்ளம் ஓடினால் அது வெட்டகழியாக (ஹொரிகிரி) இருக்க வாய்ப்பு அதிகம். முன்பகுதி வழியாக ஏறி வருகிறவனை வட்டப் பகுதிக்குள் விடாமல் தடுக்க அதுதான் இயல்பான இடம்.

மூன்றாவது, வட்டப் பகுதியின் உச்சி. கல்லறை உச்சி வட்டமாக, சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும். கோட்டையாக்கினால் ஒரு பக்கம் நீண்டு மூலை விழும். விளிம்பில் இடுப்பளவோ ஆள் உயரமோ மண்மதில் (தோருயி) நிற்கும்.

செம்மண்சுவடு

உச்சியைச் சுற்றி முழு வட்டமாக மண்மதில் போட்டிருப்பார்கள் என்றுதானே எதிர்பார்க்க வேண்டும்? பாதிச் சுற்று மட்டும் இருந்தால் மீதி அழிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

நிலவரைவி

கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். ஒரு மாதிரி மேடு எடுத்துக்கொள்வோம். உச்சி விட்டம் 16 மீட்டர், சரிவு 25 டிகிரி. உச்சியை 2 மீட்டர் வெட்டி இறக்கினால் ஒவ்வொரு பக்கமும் 4.3 மீட்டர் கூடும், விட்டம் 24.6 மீட்டர் ஆகும். பரப்பு 201 சதுர மீட்டரிலிருந்து 475 சதுர மீட்டராக உயரும். இரண்டு மீட்டர் வெட்டினதில் இடம் இரண்டு மடங்குக்கு மேல். வெளிவரும் மண் சுமார் 657 கன மீட்டர்.

இப்போது மதில். அடி அகலம் 5, மேல் அகலம் 1, உயரம் 2 மீட்டர் என்று வைத்தால் குறுக்குவெட்டு 6 சதுர மீட்டர். விளிம்பை ஒட்டி முழுக்கச் சுற்றினால் மதிலின் நடுக்கோட்டு நீளம் சுமார் 62 மீட்டர், தேவைப்படும் மண் சுமார் 370 கன மீட்டர். மண் தாராளமாகக் கிடைக்கிறது. இடம்தான் கிடைக்காது. மதிலின் அடியே இரு பக்கமும் ஐந்தைந்து மீட்டரைத் தின்றுவிடும். உள்ளே மிஞ்சுவது 14.6 மீட்டர் விட்டம், 167 சதுர மீட்டர். வெட்டுவதற்கு முன் இருந்ததை விடக் குறைவு! ஆள் நிற்கவும் கூடாரம் போடவும் இடம் தேடி வெட்டினவன் இதைச் செய்யமாட்டான்.

அதனால் எதிரி வரும் பக்கம் மட்டும் மதில் எழுப்பி, மற்ற பக்கத்தைச் செங்குத்துச் சரிவை நம்பி விட்டுவிடுவதுதான் சின்ன உச்சிக்குப் பொருந்தும். பாதி மதிலைப் பார்த்து மீதி அழிந்தது என்று எழுதுவதற்கு முன், அந்தப் பக்கம் அகழியோ சதுப்போ இருந்ததா என்று பாருங்கள்.

உழைப்புக் கணக்கும் இதிலேயே வரும். மண்வெட்டியும் கூடையும் வைத்து ஒரு ஆள் நாளுக்கு 2 கன மீட்டர் தள்ளினால் 657 கன மீட்டருக்கு 330 ஆள்நாள். நூறு பேர் நாலு நாளில் முடிப்பார்கள். மேட்டைப் புதிதாக எழுப்புவதற்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் பெரியதான தைசென் புதைமேட்டுக்கு ஓபயாஷி கட்டுமான நிறுவனம் 1985இல் போட்ட மதிப்பீட்டில், பழங்கால முறையில் கட்டினால் நாளுக்கு அதிகபட்சம் 2,000 பேர், 15 வருஷம் 8 மாதம், மொத்தம் 68 லட்சம் ஆள்நாளுக்கு மேல் என்று வந்தது. அந்த உழைப்பெல்லாம் சமவெளியில் சும்மா கிடந்தது. ஒரு தளபதி அதைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடியிருந்தால்தான் ஆச்சரியம்.

தாழிக்காடு

மேலே சொன்ன கோணக் கணக்கோடு ஒரு எச்சரிக்கையும் சேர வேண்டும். புதைமேடு என்பது கூடை கூடையாகக் கொட்டி இறுக்கிய மண், இயற்கைக் குன்று அல்ல. களியும் மணலும் மாறி மாறிப் படுத்திருக்கும். பாவியிருந்த கல்லை உரித்துவிட்டு 50 டிகிரிக்குச் செதுக்கினால், மணல் அடுக்கில் தண்ணீர் இறங்கி, களி அடுக்கின் மேல் வழுக்கி, முகப்பே சரியும். ஆகவே இன்று நாம் பார்க்கும் சரிவு கோட்டைக்காலத்தில் செதுக்கிய கோணமாக இருக்காது, அது சரிந்து அடங்கின பிறகு நின்ற கோணம். 35 டிகிரிதானே இருக்கிறது, இது கிரிகிஷி இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். அடியில் சரிந்த மண் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஒசாகா மாநிலத் தகட்சுகியில் இருக்கும் இமாஷிரோஸுகா புதைமேட்டை விட நல்ல பாடம் கிடையாது. "இமாஷிரோ" என்றால் புதுக் கோட்டை. மேட்டு நீளம் 181 மீட்டர், 6ஆம் நூற்றாண்டின் முற்பாதி. மேடு கண்டபடி சிதைந்து கிடந்ததால், போர்க்காலத்தில் கோட்டைக்காக வெட்டிக் குலைத்துவிட்டார்கள் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1997 முதல் நகராட்சி முறையாகத் தோண்டிப் பார்த்தது. சிதைவின் பெரும்பகுதி 1596 ஃபுஷிமி நிலநடுக்கத்தில் மேடு சரிந்ததால் வந்தது என்று தெரிந்தது. அரிமா-தகட்சுகி பிளவுக்கோடு பக்கத்திலேயே ஓடுகிறது.

தோண்டிய குழியில் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கையால் வெட்டிக் கொட்டின மண் கலங்கிப் போயிருக்கும். களி உருண்டை, கல், ஹனிவா (சுடுமண் உருவம்) ஓடு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நிலநடுக்கத்தில் சரிந்த மண் முழுத் துண்டாக இறங்கும். மேட்டுக்குள் இருந்த அதே களி, மணல் வரிகள் குலையாமல், சாய்ந்த நிலையில், அகழியின் வண்டல் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். கேக் துண்டு தட்டிலிருந்து நழுவினதுபோல் அடுக்கு அடுக்காக. அந்த வரியைப் பார்த்துவிட்டால் மண்வெட்டி வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதன் வடக்கு உள்கரையில் 65 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்துக்கு வீடு, வேலி, பூசாரி, வீரன், குதிரை, கோழி என்று 200க்கும் மேற்பட்ட ஹனிவா வரிசை 2001இல் கிடைத்தது. இது மாமன்னர் கெய்தாயின் கல்லறை என்பதுதான் ஆய்வாளர்களின் பரவலான கருத்து. ஆனால் அரசு அறிவித்த கெய்தாய் கல்லறை பக்கத்து இபராகி நகரிலுள்ள ஓதா சாஉசுயாமா. அரசு மன்னர் கல்லறை என்று அறிவித்த மேட்டைத் தோண்ட விடமாட்டார்கள். அறிவிப்பு அங்கே போனதால்தான் இங்கே தோண்ட முடிந்தது.

வடமேற்கு மூலை

அப்படியானால் இமாஷிரோஸுகாவில் கோட்டையே இல்லை என்கிறீர்களா?

தாழிக்காடு

அப்படிச் சொல்லவில்லை. பெயர் காற்றிலிருந்து வந்திருக்காது, ஏதோ ஒரு பயன்பாடு இருந்திருக்கும். நான் சொல்வது, சிதைவின் அளவை வைத்துக் கோட்டையின் அளவை மதிப்பிடக்கூடாது என்பது மட்டும்தான்.

கோட்டைக்கு மண்ணுக்குள் தேட வேண்டிய சான்றுகள் வேறு. மண்மதிலை வெட்டிப் பார்த்தால் அடியில் கறுத்த பழைய மேல்மண் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். மேடு கட்டி முடித்து, புல் முளைத்து மக்கி, நூற்றாண்டுகள் கழித்து அதன் மேல் மதில் வந்தது என்பதற்கு அந்தக் கறுப்புக் கோடுதான் சாட்சி. மதிலுக்குள் உடைந்த ஹனிவா ஓடு கலந்திருந்தால் இன்னும் உறுதி. அதோடு போர்க்காலப் பொருள் ஏதாவது வேண்டும்: விருந்தில் ஒருமுறை குடித்துவிட்டு எறியும் சிறு மண்தட்டு (கவராகே), பிசென் சாடி ஓடு, சீனப் பச்சைப் பீங்கான், ஈயக் குண்டு. குண்டு கிடைத்தால் அது 1543க்குப் பிந்தியது. போர்த்துக்கீசியர் துப்பாக்கியோடு வந்தது அந்த வருஷம்.

தளம் யாருடையது என்ற உங்கள் முதல் கேள்விக்கும் ஹனிவாவே பதில் சொல்லும். கல்லறைத் தளங்களின் விளிம்பில் உருளை ஹனிவாவை வேலிபோல் நெருக்கமாக நட்டிருப்பார்கள். அந்த வரிசையின் அடிப்பகுதி நட்ட இடத்திலேயே இருந்தால் தளம் பழையது. வரிசை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெட்டு முகம் இருந்து, ஓடுகள் கீழே கொட்டிய மண்ணில் கிடைத்தால் தளத்தைப் பின்னால் வெட்டியிருக்கிறார்கள்.

அகழிக்கரை

அகழியைப் பற்றியும் பேச வேண்டும், அதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். இன்று தண்ணீர் தளும்பி நிற்கும் அகழியைப் பார்த்து "இயற்கையாகவே நீர்க்கோட்டை" என்று எழுதிவிடுகிறார்கள். பல மேடுகளில் அந்தத் தண்ணீர் பிற்காலத்தில் வயலுக்குப் பாய்ச்சக் கரையை உயர்த்தித் தேக்கியது. மன்னர் கல்லறை என்று குறித்தவற்றில் 1860களின் சீரமைப்பில் கரைகளை மறுபடியும் திருத்தினார்கள். ஆகவே இன்றைய நீர்மட்டத்தை 16ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வடிவமும் வேறு. கோட்டைக்காரன் வெட்டும் அகழி ஆழமாக, குறுகலாக, பல இடங்களில் அடியில் கூராக இருக்கும். புதைமேட்டு அகழி தட்டையான அடி, ஆழம் கம்மி, அகலம் பல பத்து மீட்டர். துப்பாக்கி வந்த பிறகு அந்த அகலமே பலமாகிவிட்டது, திறந்த வெளியில் வருகிறவனை நிதானமாகக் குறிபார்க்கலாம்.

பலவீனம் ஒன்று உண்டு. சாய்வான நிலத்தில் அகழி நீர் ஒரு பக்கமே வழிந்துவிடாமல் இருக்க, குறுக்கே மண்கரை போட்டுத் தடுத்திருப்பார்கள். அந்தக் கரை எதிரிக்கு நடைபாலம். கோட்டையாக்கும்போது ஒன்று அதை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதையே வாசலாக வைத்து உள்ளே வளைந்து நுழையும்படி நுழைவாயை (கொகுச்சி) அமைக்க வேண்டும். வரைபடத்தில் இந்தக் கரைகள் எங்கே என்று முதலில் குறித்துக்கொண்டால், வாசல் எங்கே இருந்திருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

செம்மண்சுவடு

இடவாரியாகச் சொல்ல முடியுமா? எதை முதலில் பார்க்கலாம்?

அகழிக்கரை

ஒகயாமாவின் த்சுகுரியாமாவிலிருந்து தொடங்குங்கள். 350 மீட்டர், நாட்டில் நான்காவது பெரியது, 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இதைவிடப் பெரிய மூன்றும் மன்னர் கல்லறைகளைக் காக்கும் அரண்மனைத் துறையின் கையில், உள்ளே போக முடியாது. இதில் யாரும் ஏறலாம். 1582இல் தளபதி ஹிதெயோஷி பக்கத்திலிருந்த தகமட்சு கோட்டையை வெள்ளத்தில் மூழ்கடித்து முற்றுகையிட்டபோது, அவரை எதிர்த்த மோரி குலத்தின் தரப்பு இந்த மேட்டைத் திருத்திக் காவலிடமாக்கியது என்று கருதுகிறார்கள். வட்டப் பகுதி உச்சியில் மண்மதில் கண்ணுக்கே தெரியும். முன்பகுதி மேலே ஒரு சிறு கோயில், அதன் பக்கத்தில் அசோ எரிமலைக்கல்லில் குடைந்த சவப்பெட்டி கிடக்கிறது. கியூஷுவிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவந்த கல்.

அடுத்து அய்ச்சி மாநிலம் இனுயாமாவின் அஓத்சுகா. 123 மீட்டர், 4ஆம் நூற்றாண்டு. 1584 கோமகி-நகாகுதே போரில் ஹிதெயோஷி தரப்பின் காவலிடம். இன்று புதைமேட்டு வடிவத்துக்கே மீட்டு, தளங்களில் சாடி வடிவ ஹனிவாவின் நகல்களை நட்டிருக்கிறார்கள். கோட்டைத் தடம் தேடுவதைவிட, கல்லறைத் தளம் எந்த அகலத்தில், எந்தச் சாய்வில் இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடம்.

கியோத்தோ பக்கம் நகஓகக்யோவின் இகெனோயாமா. 128 மீட்டர். 1980இல் முன்பகுதியில் வாள், ஈட்டி, அம்புமுனை என்று சுமார் 700 இரும்பு ஆயுதங்கள் ஒரே குழியில் கிடைத்தன, அதெல்லாம் புதைமேட்டுக் காலம். 1582 யமசாகி போரில் ஹிதெயோஷியை எதிர்த்த அகெச்சி மிட்சுஹிதெ முகாமிட்டது இங்கேதான் என்று ஒரு கருத்து உண்டு. மேட்டை வெட்டிச் சமப்படுத்திய தடமும் துப்பாக்கிக் குண்டும் அதற்குத் துணை. வேறொரு மேட்டைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வடமேற்கு மூலை

சைதாமாவின் மருஹகயாமாவை விட்டுவிட்டீர்களே. 1590இல் ஹிதெயோஷியின் ஆளான இஷிதா மிட்சுனாரி அங்கிருந்துதானே ஓஷி கோட்டையை முற்றுகையிட்டார்?

அகழிக்கரை

வேண்டுமென்றேதான் விட்டேன். மருஹகயாமா வட்ட மேடு, விட்டம் 105 மீட்டர், உயரம் சுமார் 18 மீட்டர். சுற்றிலும் தட்டையான நிலம், ஏறி நின்றால் ஓஷி வரை தெரியும். அது நோக்குமேடு, கொஞ்ச நாள் முகாம். வெட்டித் திருத்திக் கட்டின கோட்டையோடு அதைச் சேர்த்தால் குழப்பம் வரும். அங்கே முக்கியமான மண்வேலை மேட்டில் இல்லை, தண்ணீரைத் திருப்பப் போட்ட இஷிதா கரையில் இருக்கிறது. அதன் நீளத்துக்கே 14 கிலோமீட்டர், 28 கிலோமீட்டர் என்று இரண்டு கணக்கு ஓடுகிறது. இன்று மேட்டுக்குப் போகும் பாதையே அந்தக் கரையின் மிச்சம். கரை உடைந்தது, ஓஷி விழவில்லை, அதன் தலைமைக் கோட்டையான ஒதவாரா சரணடைந்த பிறகுதான் கதவைத் திறந்தது.

தாழிக்காடு

ஒசாகாவின் ஃபுருஇச்சி வட்டாரத்தைத் தனியாகவே பேச வேண்டும். அங்கே இரண்டு இடம், இரண்டு தலைவிதி.

ஹபிகினோவின் தகயா கோட்டை. 15ஆம் நூற்றாண்டில் ஹதகெயாமா குலம் கட்டியது, வடக்கு தெற்காக சுமார் 800 மீட்டர், கிழக்கு மேற்காக சுமார் 450 மீட்டர். வட முனையில் 122 மீட்டர் நீளப் புதைமேட்டைத் தலைமைத் தளமாக வைத்து, தெற்கே இரண்டாம், மூன்றாம் தளங்களை மண்மதிலோடு நீட்டினார்கள். அந்தப் புதைமேடு மாமன்னர் அன்கானின் கல்லறை என்று குறிக்கப்பட்டது. ஆட்சியாளர் குடியிருந்தது கல்லறை மேல் இல்லை, இரண்டாம் தளத்தில்தான் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. 1575இல் போர்த்தலைவர் ஓதா நொபுனாகாவிடம் விழுந்து கைவிடப்பட்டது. எடோ காலத்தில் (17-19ஆம் நூற்றாண்டு) மேட்டு மண் சரிந்தபோது உள்ளிருந்து வெட்டு வேலைப்பாடுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வெளிவந்தது. மேற்காசியாவிலிருந்து வந்த பொருள், ஷோசோயின் கருவூலத்தில் இருக்கும் கிண்ணத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது, இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று தலைமைத் தளம் அரண்மனைத் துறைக் காவலில், தெற்குத் தளங்கள் வீடுகளுக்கு அடியில். கோட்டையின் தலையைத் தொட முடியாது, உடம்பைப் பார்க்க முடியாது.

ஃபுஜீஇதெராவின் த்சுதோ ஷிரோயாமா நேர் எதிர். 208 மீட்டர், 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, இரட்டை அகழி. முரோமாச்சிக் காலத்தில் (14-16ஆம் நூற்றாண்டு) கோயாமா கோட்டை மேலே வந்து வடிவம் சிதைந்தது, பெயரே "கோட்டைமலை" ஆகிவிட்டது. அதனால் மன்னர் கல்லறைப் பட்டியல் போட்டபோது யாரும் இதைச் சீண்டவில்லை. 1912இல் உச்சியில் பிரம்மாண்டமான கல் சவப்பெட்டி வெளிப்பட்ட பிறகுதான் விழித்துக்கொண்டு உச்சியை மட்டும் அரண்மனைத் துறை எடுத்துக்கொண்டது. சுற்றிலும் அகழி தொல்லியலாளர் கைக்குக் கிடைத்தது. 1983இல் உள்ளகழிக்குள் தீவுபோல் விட்ட மண்திட்டில் மூன்று நீர்ப்பறவை ஹனிவா கிடைத்ததும் அதனால்தான். கோட்டை கட்டினவர்கள் கல்லறையைக் கெடுத்தார்கள் என்பது உண்மை. அப்படிக் கெட்டதால்தான் இந்த வட்டாரத்தில் இந்த அளவுப் புதைமேட்டின் அகழியைத் தோண்டிப் பார்க்க வாய்த்தது என்பதும் உண்மை.

செம்மண்சுவடு

கோட்டை வெட்டினபோது உள்ளே இருக்கும் கல்லறையே போயிருக்காதா? உச்சியிலிருந்து 2 மீட்டர் இறக்கினால் கல்லறை தட்டுப்படுமே.

தாழிக்காடு

தட்டுப்படும், பல இடத்தில் போயும் இருக்கிறது. ஆனால் நாரா மாநிலம் தென்ரியின் குரோஸுகாவைப் பாருங்கள். சுமார் 130 மீட்டர் மேடு, போர்க்காலத்தில் யனகிமோதோ கோட்டை, எடோ காலத்தில் யனகிமோதோ சிற்றரசின் அலுவல் மனையும் இதை ஒட்டியே இருந்தது. இத்தனைக்குப் பிறகும் 1997-98இல் தோண்டியபோது முக்கோண விளிம்புக் கண்ணாடிகள் 33, வேறு வகைக் கண்ணாடி 1, ஆக 34 வெண்கலக் கண்ணாடிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. பழைய நிலநடுக்கம் ஒன்றில் கல்லறையின் மேற்கற்கள் உள்ளே விழுந்து மூடியிருந்தன. மேலிருந்து தோண்டின திருடர்கள் கல் குவியலில் முட்டித் திரும்பியிருக்கிறார்கள். இமாஷிரோஸுகாவை நிலநடுக்கம் குலைத்தது, குரோஸுகாவை நிலநடுக்கமே காப்பாற்றியது.

நிலவரைவி

வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஜப்பான் நில அளவைத் துறையின் இணைய வரைபடம் (சிரிஇன் சிசு) இலவசம். இடத்தைத் தேடி நிழல் வரைபட அடுக்கைப் போடுங்கள். பிறகு கருவிப் பட்டியில் குறுக்குவெட்டுக் கருவியை எடுத்து மூன்று கோடு இழுங்கள்: ஒன்று நீளவாக்கில் வட்ட உச்சியிலிருந்து முன்பகுதி நுனி வரை, ஒன்று வட்டப் பகுதிக்குக் குறுக்கே, ஒன்று இடுப்புக்குக் குறுக்கே. வெட்டகழி முதல் கோட்டில் பள்ளமாக விழும். கிரிகிஷி இரண்டாவதில், ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாகத் தெரியும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் கல்லறையின் சொந்த வடிவம்.

5 மீட்டர் கட்டத் தரவில் ஒரு மீட்டர் உயர மதில் கரைந்துபோகும். 1 மீட்டர் கட்டத் தரவு வந்த பகுதிகளில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதோடு 1945-50 வான்படங்களின் அடுக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போது சரிவில் வயலோ தோட்டமோ இருந்தால், நீங்கள் கோட்டைத் தளம் என்று குறித்தது உழவர் வெட்டின படிக்கட்டாக இருக்கலாம்.

செம்மண்சுவடு

த்சுகுரியாமாவுக்கு மூன்று கோடும் இழுத்துப் பார்க்கிறேன். மட்சுபாராவுக்கும் ஹபிகினோவுக்கும் நடுவில் இருக்கும் கவாச்சி ஓத்சுகாயாமாவையும் இப்படிப் படிக்கலாமா? அங்கே தங்கெ கோட்டை இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அகழிக்கரை

அது கடினமான இடம். 335 மீட்டர் மேடு, தங்கெ குலத்தின் கோட்டை, அதன் பிறகு மேட்டின் மேலேயே ஒரு கிராமம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வீடும் வயலும் இருந்து, அப்புறம்தான் காலி செய்தார்கள். ஆகவே அங்கே தெரியும் ஒரு சமதளத்துக்குக் கல்லறை, கோட்டை, வீட்டுமனை, வயல் என்று நாலு சொந்தக்காரர்கள். இப்போது அரண்மனைத் துறை வேலிக்குள் இருப்பதால் குழி தோண்டிச் சரிபார்க்கவும் வழியில்லை. முதலில் த்சுகுரியாமாவை முடியுங்கள். உச்சி மதிலின் எந்தப் பக்கம் உயரம் அதிகம் என்று குறுக்குவெட்டில் அளந்து இங்கே போடுங்கள், அது தகமட்சு இருக்கும் வடகிழக்கைப் பார்க்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.